புதுக்கோட்டைக் கிராமங்களில் கால்நடை நோய்த் தடுப்புக்குத் தொண்டூழியம்: ஒரு வாரப் பயணத்தில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

கேள்வி: ஈசூன்வாசி

அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கால்நடை மருத்துவத் தொழில்நுட்பத்தில் பட்டயம் பெற்று, இங்கே சிங்கப்பூரில் நாய், பூனைகளுக்கான மருந்தகம் ஒன்றில் தாதியாகப் பணிபுரிகிறேன். என் தாத்தாவின் ஊர் அறந்தாங்கிக்கு அருகில் உள்ளது. உறவினர்கள் இன்னும் அங்கே பசுக்களும் வெள்ளாடுகளும் வளர்த்துத்தான் பிழைக்கிறார்கள். போன மழைக்காலத்தில் அந்த வட்டாரத்தில் ஆடுகள் கழிச்சல் கண்டு அடுத்தடுத்து இறந்தன என்று அத்தை தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து, நம்மால் ஏதாவது செய்ய முடியாதா என்ற எண்ணம் மனத்தை விட்டு அகலவில்லை.

எங்கள் கோயில் தொண்டூழியக் குழுவில் இதைப் பற்றிப் பேசியபோது பலரும் ஆர்வம் காட்டினார்கள். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் அங்கே சென்று, நாளுக்கு ஒரு கிராமம் என்று கால்நடை மருத்துவ முகாம் நடத்தலாம் என்பது இப்போதைய திட்டம். குழுவில் சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவரும், என்னைப் போன்ற தாதியர் சிலரும், மருத்துவம் அறியாத ஆனால் உழைக்கத் தயங்காத இளையர்களும் இருக்கிறார்கள். மருந்துகள் வாங்கக் கொஞ்சம் நன்கொடையும் சேர்ந்திருக்கிறது.

மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி, ஆடுகளைக் கழிச்சலால் கொல்லும் ஆட்டுக்கொல்லி போன்ற நோய்களுக்கு நாங்களே தடுப்பூசி போட முடியுமா? இங்கிருந்து மருந்துகளைக் கொண்டுபோவது சரியா? மாடு, ஆடுகளிடம் நேரடி அனுபவம் இல்லாத என்னைப் போன்றவர்களால் உண்மையில் என்ன பயன்? ஊருக்கு உபகாரம் செய்யப் போய் உபத்திரவம் ஆகிவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை. அனுபவம் உள்ளவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.


மறுமொழி: நாமக்கல் பழைய மாணவர்

வணக்கம் அம்மா. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறையில் உதவி மருத்துவராகச் சில ஆண்டுகள் பணியாற்றிய பிறகு சிங்கப்பூருக்கு வந்தவன் நான். நீங்கள் கேட்டதில் எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, அங்கே பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே கால்நடைகளுக்கு மருத்துவம் செய்யலாம். சிறு சிகிச்சைகளையும் தடுப்பூசிப் பணிகளையும் அதற்கென அங்கீகரிக்கப்பட்ட பட்டயம் பெற்றவர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்வதற்கு இடம் இருக்கிறது. உங்கள் பட்டயமோ, உங்கள் குழுவில் உள்ள மருத்துவரின் சிங்கப்பூர் உரிமமோ அந்தத் தகுதியைத் தராது. ஆகவே நீங்களாக ஊசியைக் கையில் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை ஒரு தடையாக மட்டும் பார்க்க வேண்டாம். உங்கள் திட்டத்தைச் சரியான பக்கம் திருப்பிவிடுவதும் இதுதான்.

சிகிச்சை முகாம் என்பது தனித்தனி மாட்டுக்கு நல்லது செய்யும். நோய்த் தடுப்பு என்பது ஊர் மந்தை முழுவதற்குமான வேலை. அது ஒரு வாரத்தில் முடிவதில்லை, வெளியூர்க்காரர்கள் மட்டும் செய்து முடிப்பதும் இல்லை. வெக்கை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் மாட்டு மந்தைகளை அடியோடு அழித்த அந்த நோய் இந்தியாவில் 1995க்குப் பிறகு தென்படவில்லை. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர் முற்றிலும் ஒழித்த இரண்டாவது நோய் அது. அதன் கடைசி ஒளிவிடங்கள் ஆப்பிரிக்காவில் சாலையும் மின்சாரமும் எட்டாத மேய்ச்சல் நிலங்களில் இருந்தன. வெயிலைத் தாங்கும் தடுப்பு மருந்து ஒன்று உருவானபோது, எத்தியோப்பியாவின் அபார் பகுதியிலும் உகாண்டாவின் கரமோஜாவிலும் மேய்ப்பர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குப் பயிற்சி தந்து, அவர்கள் கையாலேயே மந்தைகளுக்கு ஊசி போட வைத்தார்கள். எந்த மந்தை எந்தத் தண்ணீர்த் துறைக்கு எப்போது வரும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இன்று ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் உலகிலிருந்து ஒழிக்க வேண்டும் என்று வகுத்திருக்கும் திட்டமும் இதே பாடத்தின் மீதுதான் நிற்கிறது.

இனி உங்கள் வட்டாரத்துக்கு வருகிறேன். கோமாரித் தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் 6 மாதத்துக்கு ஒரு முறை மாடு, எருமைகளுக்கு அது போடப்படுகிறது. மருந்தை உற்பத்தி செய்த இடம் முதல் கிராமத்துத் தொழுவம் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சூடேறினால் மட்டும் அல்ல, உறைந்தாலும் அது கெட்டுப்போகும். பனிக்கட்டியின் மேல் நேராகக் குப்பியை வைத்துவிட்டு, நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்று திருப்தி அடைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கன்றுகளுக்கு 4 மாத வயதில் முதல் ஊசியும், ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசியும் போட வேண்டும். அந்த இரண்டாவது ஊசிதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஒரு வாரத்தில் ஊருக்குத் திரும்பிவிடும் குழுவால் அதைக் கவனிக்க முடியாது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

அப்படியானால் தொண்டூழியர்களுக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. தடுப்பூசி போடும் நாளன்று விடியற்காலையில் ஒரு கால்நடை மருந்தகத்தோடு போய்ப் பாருங்கள். மருத்துவர் ஒருவர், கால்நடை ஆய்வாளர் ஒருவர், பராமரிப்பு உதவியாளர் ஒருவர் என்று மிகச் சிலரே பல கிராமங்களைக் கவனிக்க வேண்டியிருக்கும். மாடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும். ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை ஒரு பக்கம் திருப்பி நிறுத்தினால்தான் மற்றவர் கழுத்துத் தசையில் ஊசியைச் செலுத்த முடியும். ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசிமுனை மாற்ற வேண்டும். ஆள் குறைந்த இடத்தில் முதலில் கைவிடப்படுவது இந்த ஒழுங்குதான், ஒரே முனையால் பல மாடுகளுக்குக் குத்தும்போது தோல் கழலை போன்ற நோய்களை நாமே ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு ஏற்றிவிடுகிறோம். காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் பொருத்தி, அந்த எண்ணை அரசின் கால்நடைப் பதிவுத் தளமான பாரத் பசுதனில் பதிய வேண்டும். பகலில் ஊசி போட்டுவிட்டு இரவில் கைப்பேசியில் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கும் ஆய்வாளருக்கு, எண்ணைப் பிழையின்றிப் பதிந்து தரும் ஓர் இளையர் கிடைத்தால் அவர் மனமாரப் பாராட்டுவார். முந்தைய நாள் வீடு வீடாகச் சென்று சொல்வது, குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்து மணிக்கு ஒரு முறை குறிப்பது, பயன்படுத்திய ஊசிமுனைகளைப் பாதுகாப்பாகச் சேகரிப்பது, ஊசிக்கு வராத வீடுகளைப் பட்டியலிட்டு மறுநாள் மீண்டும் போய்க் கேட்பது ஆகிய எல்லாமே உங்கள் குழுவால் செய்யக்கூடியவை.

ஒரு வேலையை மட்டும் யார் அழைத்தாலும் செய்யாதீர்கள். சினை மாடுகள் கன்றைக் குறைமாதத்தில் இழக்கச் செய்யும் கன்று வீச்சு நோய்க்காக 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரு முறை போடப்படும் தடுப்பு மருந்து உயிருள்ள கிருமியால் ஆனது. அது தவறுதலாக உங்கள் விரலில் குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ உங்களுக்கே நோய் வரலாம். விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் மாதக்கணக்கில் தொல்லை தரும். அந்தக் குப்பி திறக்கும் இடத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கையுறையும் கண்ணாடியும் அணிந்து நிற்கட்டும். நீங்கள் தள்ளி நில்லுங்கள். அதேபோல், கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடக் கூடாது.

திடீரென்று செத்து, வயிறு உப்பி, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருநிற இரத்தம் கசியும் மாட்டைக் கண்டால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். யாரையும் அதை அறுக்க விடாதீர்கள். காற்றுப் பட்டதும் அந்தக் கிருமி விதைபோல் இறுகி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். உடனே மருந்தகத்துக்குச் சொல்வது மட்டுமே உங்கள் பணி. எச்சில் ஒழுக, எதையும் விழுங்க முடியாமல் தவிக்கும் மாட்டைப் பார்த்துத் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடுவது கிராமங்களில் சாதாரணமாக நடப்பது. அது வெறிநோயாக இருக்கலாம். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநோய் இல்லை என்பதால் நம்மில் பலருக்கு அந்த அச்சமே இல்லை. குழுவில் விலங்குகளைத் தொடப்போகும் ஒவ்வொருவரும் புறப்படுவதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எதையும் கொண்டுபோகாதீர்கள். இங்கே நாய்க்குக் கொடுக்கும் வலி நிவாரணி அங்கே மாட்டுக்குத் தடை செய்யப்பட்டதாக இருக்கலாம். கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் கொடுப்பதை 2006இலும், கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் இரண்டையும் 2023இலும் இந்தியா தடை செய்தது. டைக்ளோபினாக் போன்ற மருந்து கொடுக்கப்பட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக இறந்ததே காரணம். நுண்ணுயிர்க்கொல்லி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் கறந்து கொட்ட வேண்டும் என்பதைச் சொல்லவும், அதை உறுதிப்படுத்தவும் பிறகு அங்கே யார் இருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள். சேர்ந்திருக்கும் நன்கொடையை அந்த மருந்தகத்துக்கு நல்ல குளிர்பெட்டிகளாகவோ, மாடுகளை நிறுத்தி ஊசி போடுவதற்கான இரும்புச் சட்டமாகவோ கொடுத்தால் அது பல ஆண்டு பயன்படும். எது தேவை என்பதை அங்குள்ள மருத்துவரிடமே கேளுங்கள்.

முதல் வேலையாக, அறந்தாங்கிப் பகுதிக் கால்நடை உதவி மருத்துவருக்கும் புதுக்கோட்டையில் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் கடிதம் எழுதுங்கள். உங்கள் தேதியை அவர்களுக்குச் சொல்வதைவிட, அவர்களுடைய தடுப்பூசிச் சுற்று எப்போது என்று கேட்டு அதற்கேற்ப நீங்கள் போவதே முறை. தொண்டூழியத்துக்கு எந்த விசா பொருந்தும் என்பதை இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.


மறுமொழி: சிவகங்கைச் சீமை

தங்கைக்கு வணக்கம். நான் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஊரில் அம்மாவும் அண்ணன் குடும்பமும் ஆடு வளர்க்கிறார்கள். மருத்துவர் ஐயா எழுதியதில் நான் சேர்க்க மருத்துவம் எதுவும் இல்லை. ஆடு வைத்திருக்கும் வீட்டுக்காரனாகச் சில செய்திகள் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கும் ஒரு முறை வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. பந்தல் போட்டு, பதாகை கட்டி, வந்த ஆடுகளுக்கெல்லாம் பூச்சி மருந்து ஊற்றினார்கள், சத்து மருந்து கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், மாலையில் கிளம்பிவிட்டார்கள். அடுத்த சில நாளில் சினை ஆடுகள் சில குட்டி வீசின. மருந்தால்தான் ஆனதா, வேறு காரணமா என்று சொல்ல எங்களுக்குப் படிப்பில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. அதன் பிறகு அரசு மருந்தகத்திலிருந்து ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட வந்தபோது பாதி வீடுகள் பட்டியைத் திறக்கவில்லை. 3 ஆண்டு காக்கக்கூடிய ஊசியை, ஒரு நாள் கூத்தைப் பார்த்த பயத்தில் வேண்டாம் என்று விட்டார்கள். வந்தவர்கள் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர்கள் விட்டுச்சென்ற பயத்தை எங்கள் ஊர் ஆய்வாளர்தான் ஆண்டுக்கணக்கில் சுமந்தார்.

இன்னொன்றை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஆட்டுக்கு மூக்கில் சளி ஒழுகி, வாயில் புண் வந்து, கழிச்சல் தொடங்கியதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு மருத்துவரைக் கூப்பிடுவதைப் பற்றி இருக்காது. சாவதற்குள் வியாபாரியிடம் தள்ளிவிடலாமா என்பதாகத்தான் இருக்கும். இதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மகளின் வளைகாப்பு, பெரியவருக்குக் கண் அறுவை எல்லாம் அந்தப் பட்டியில்தான் நிற்கின்றன. செத்த ஆட்டுக்கு யாரும் காசு தருவதில்லை, சீக்கு ஆட்டுக்குப் பாதி விலையாவது கிடைக்கும். அப்படி விற்ற ஆடு மறுநாள் சந்தையில் நிற்கிறது, அதற்கு அடுத்த நாள் வேறு ஊர்ப் பட்டியில் நிற்கிறது. நோய் நடந்து போவதில்லை, சரக்கு வண்டியில் ஏறிப் போகிறது. ஆகவே விழிப்புணர்வு என்று சொல்லி மேடையில் பேசுவதற்குப் பதில், ஆடுகளைக் காப்பீடு செய்வதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுக்கவும், வங்கிக்குக் கூட வரவும் உங்கள் இளையர்கள் முன்வந்தால் ஆடு வளர்ப்பவர்கள் உங்களை நம்புவார்கள். நம்பினால்தான் சீக்கை மறைக்காமல் சொல்வார்கள்.

செத்த ஆடுகளைக் கண்மாயிலோ ஊர் ஓரத்து ஓடையிலோ போட்டுவிடுவதும் உண்டு. சோம்பல் என்று எண்ண வேண்டாம். கோடையில் இறுகிய செம்மண்ணில் ஆழமாகக் குழி வெட்டுவது வயதானவர்களால் ஆகாத காரியம். ஒரு நாள் ஜேசிபி வாடகையும் சில மூட்டைச் சுண்ணாம்பும் பஞ்சாயத்தின் சம்மதத்தோடு கொடுத்தால் பெரிய உதவி.

எங்கள் பக்கத்துக் கீதாரிகளையும் மறந்துவிடாதீர்கள். செம்மறிக் கிடைகளை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடுவார்கள். மழைக்காலத்தில்தான் சொந்த ஊர்ப் பக்கம் திரும்புவார்கள். ஊசி போடும் நாளில் ஊரில் இருக்கும் ஆடுகளின் எண்ணிக்கை முழுமையாகத் தெரியும். கிடை போட்டிருக்கும் ஆடுகள் எந்த ஊர்க் கணக்கிலும் வராமல் போகும். கீதாரியின் கைப்பேசி எண்ணை வாங்கி, இன்ன தேதியில் இன்ன வயலில் கிடை இருக்கும் என்று கேட்டு மருந்தகத்துக்குச் சொல்வதற்கு மருத்துவப் படிப்புத் தேவையில்லை. காலையில் கிடை கலைவதற்கு முன்பு போக வேண்டும், அவ்வளவுதான்.

பேசும்போது பெண்களிடம் பேசுங்கள். ஆட்டைப் பார்ப்பது அவர்கள்தான். எந்த ஆடு நேற்று இரை எடுக்கவில்லை என்று என் அண்ணனைக் கேட்டால் தெரியாது, அண்ணியைக் கேட்டால் உடனே சொல்வார். மகளிர் குழுக்களில் பசு சகி என்று பயிற்சி பெற்ற பெண்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் பின்னால் நடந்து போங்கள். அவருக்கு முன்னால் போகாதீர்கள்.


மறுமொழி: மண்டாய்ப் பக்கம்

மேலே இரண்டு அண்ணன்மாரும் எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். திரும்பி வருவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். நான் இங்கே பிளவுபட்ட குளம்புள்ள விலங்குகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன்.

சிங்கப்பூர், தடுப்பூசி போடாமலேயே கோமாரி இல்லாத நாடு என்று உலக விலங்குநல அமைப்பால் அங்கீகரிக்கப்பட்டது. இந்தியாவில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. கோமாரிக் கிருமி காலணியின் அடியில் ஒட்டிய சாணத்திலும், துணியிலும், வண்டிச் சக்கரத்திலும் பயணம் செய்யும். ஒரே நாளில் இரண்டு மூன்று கிராமங்களுக்குப் போகும் குழு, நோய் இல்லாத தொழுவத்துக்கு நோயைத் தன் காலோடு கொண்டுபோக முடியும் என்பதை முதலில் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் காலணி அணியுங்கள். ஒவ்வொரு தொழுவத்திலிருந்தும் வெளியே வரும்போது சாணத்தையும் மண்ணையும் தூரிகையால் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினியில் காலை வையுங்கள். சாணம் ஒட்டியிருக்கும்போது எந்த மருந்தும் உள்ளே இறங்காது. கோமாரிக்குச் சலவைச் சோடாவை 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ என்ற அளவில் கரைத்தாலே போதும், விலை மலிவு, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். நோய் கண்டிருக்கும் ஊருக்கு அன்றைய கடைசியாகத்தான் போக வேண்டும். போனால் அன்று வேறு எங்கும் போகக் கூடாது.

ஊரில் அணிந்த காலணிகளை அங்கேயே கொடுத்துவிட்டு வருவது சிறந்தது. உடைகளை வெந்நீரில் துவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். அத்தை அன்போடு கட்டிக்கொடுக்கும் ஆட்டுக்கறி, நெய், பச்சைத் தோல் எதையும் கொண்டுவராதீர்கள். திரும்பி வந்தபின் ஆட்டுப் பண்ணைக்கோ, விலங்குத் தோட்டத்தில் மான், ஆடு இருக்கும் பகுதிக்கோ சில நாள் போகாதீர்கள். அமெரிக்காவில் இதற்கு 5 நாள் என்று அறிவுறுத்துகிறார்கள், பண்ணையில் வேலை செய்பவர்கள் இன்னும் கூடுதலாக விட்டுவைப்பது நல்லது. நீங்கள் பணிபுரியும் மருந்தகத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐயம் இருந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநலப் பிரிவிடம் கேட்கலாம்.

நம் நாடு சிறியது, பன்றிப் பண்ணைகள் இல்லை, நமக்கு என்ன என்று நினைப்பவர்களுக்கு 1999ஐ நினைவூட்டுகிறேன். மலேசியாவில் பன்றிகளிடம் பரவிய நிப்பா கிருமி, இங்கே இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்த 11 பேரைத் தொற்றியது, ஒருவர் உயிரிழந்தார்.


ஈசூன்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவற்றை அச்செடுத்துக் குழுவுக்குப் படித்துக் காட்டினேன். டிசம்பர் முகாமைக் கைவிட்டுவிட்டோம். மருந்துப் பட்டியலையும் கிழித்துவிட்டோம். அறந்தாங்கி மருந்தகத்துக்குக் கடிதம் எழுதி, அத்தை மூலமாக நேரிலும் பேசியாயிற்று. மருத்துவர் அன்பாகப் பேசினாராம். பிப்ரவரியில் கோழிகளுக்கான தடுப்பூசி முகாம் நடக்கும்போது ஆள் உதவி தேவைப்படும் என்று சொல்லியிருக்கிறார். எங்களில் இருவரால் விடுப்பு எடுத்து ஒரு மாதம் அங்கே தங்க முடியும். கோழி என்றதும் குழுவில் சிலருக்கு முகம் வாடிவிட்டது. ஆடு, மாடு என்று தொடங்கி இப்படி ஆகிவிட்டதே என்கிறார்கள். ஐயா, இது பயனுள்ள வேலைதானா? நாங்கள் எப்படித் தயாராக வேண்டும்?


மறுமொழி: நாமக்கல் பழைய மாணவர்

மிகவும் பயனுள்ள வேலை அம்மா. உங்கள் நண்பர்களிடம் அதை உறுதியாகச் சொல்லுங்கள். இந்த முகாம் குறிவைக்கும் கோழி நோயான வெள்ளைக் கழிச்சல் ஒரு தெருவில் நுழைந்தால் தடுப்பூசி போடாத நாட்டுக்கோழிகளில் பெரும்பகுதி சில நாளில் போய்விடும். ஆடு, மாடு வாங்க முடியாத வீட்டிலும் கோழி இருக்கும், அந்தக் காசு பெரும்பாலும் பெண்களின் கையில் இருக்கும். கைம்பெண்ணாகத் தனியாக வாழும் ஒரு பாட்டிக்குப் பத்துக் கோழி போனால் அந்த ஆண்டின் சேமிப்பே போனதற்குச் சமம்.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார முகாமாக இதை நடத்துகிறார்கள். கோடை தொடங்கும்போது நோய் தலையெடுக்கும் என்பதால் அதற்கு முன்பே பாதுகாப்பு ஏறிவிட வேண்டும். 8 வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இறக்கைப் பகுதியில் தோலுக்கு அடியில் அரை மில்லி ஊசி போடுவார்கள். குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, அது தனி வகை மருந்து. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் குஞ்சுகள் இறக்கும், ஆகவே குப்பியை எடுப்பதும் கலப்பதும் மருந்தகத்துப் பணியாளரின் வேலையாகவே இருக்கட்டும். தூளாக இருக்கும் மருந்தைக் கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். கோழிகளை முன்பே பிடித்து வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

இங்கேதான் உங்கள் குழு வேண்டும். நாட்டுக்கோழியைப் பகலில் துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். முந்தைய நாள் மாலை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், விடியும்வரை பஞ்சாரத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மரத்தில் அடையும் கோழிகளை இருட்டியதும் இறக்கிக் கூடையில் அடைக்கச் சொல்லுங்கள். காலை 5 மணிக்கெல்லாம் தெருவின் ஒரு முனையில் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் அந்தத் தெரு முடிந்துவிடும். கோழியைப் பிடிக்கும்போது இரண்டு இறக்கைகளையும் சேர்த்து உடலோடு அணைத்துப் பிடியுங்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். ஏற்கெனவே சோர்ந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும் கோழி கண்ணில் பட்டால் ஊசி போடாமல், பிடிக்காமல், அந்த வீட்டை மட்டும் தனியாகக் குறித்து ஆய்வாளரிடம் சொல்லுங்கள். அதே கையோடு அடுத்த வீட்டுக் கோழியைத் தொடாதீர்கள்.

ஒரு மாதம் தங்கும் இருவரும் ஊசி போட்ட வீடுகளை மறுபடியும் சுற்றி வரட்டும். எத்தனை கோழிக்குப் போட்டோம், அதில் எத்தனை இன்று இருக்கின்றன, எவை விற்கப்பட்டன, எவை இறந்தன, எந்த நாளில், என்ன அறிகுறியோடு என்று தெருவாரியாக எழுதி அந்த மருந்தகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். அப்போதே அந்த வீடுகளில் எந்தக் கன்றுக்கு 4 மாதம் ஆகப்போகிறது, எந்த ஆட்டுக்கு இன்னும் ஊசி போடவில்லை என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும், மருந்தகத்தின் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக அந்த எண்ணை அவர்கள் கைப்பேசியில் நீங்களே பதிந்து, மாட்டுப் படம் ஒன்றை அடையாளமாக வைத்துக் கொடுங்கள்.

புறப்படுவதற்கு முன்பு பிப்ரவரி முகாமின் தேதியை அலுவலகத்தில் மீண்டும் ஒரு முறை உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகே விமானச் சீட்டை வாங்குங்கள்.